ஊசி போடாத வாத்துகள்

அத்தியாயம் 14

பழமலைநாதன் சூளையை விட்டுவிட்டு ஸ்டேஷனுக்குப் போய்விட்டான்.

இதன் கனம் தெரிய வேண்டுமானால் அவனோடு ஒன்பது வருஷம் குடித்தனம் செய்திருக்க வேண்டும். சூளை பற்றவைத்த அன்று அவன் பட்டறையை விட்டு அசைய மாட்டான். பூங்கோதைக்கு முதல் பிரசவ வலி எடுத்ததும் ஒரு சூளை நாளில்தான். "நீ அம்மாவோட முன்னால போ, தீய இறக்கிட்டு வந்துடறேன்" என்று சொல்லி அனுப்பியவன், குழந்தையைக் குளிப்பாட்டித் துணியில் சுற்றிய பிறகுதான் ஆஸ்பத்திரி வாசலை மிதித்தான். அப்படிப்பட்டவன் இன்று, உள்ளே ஒரு லோடு பீங்கான் ஃபியூஸ் கட்டை வெந்துகொண்டிருக்கும்போது, பொறுப்பை வேலையாள் தலையில் கட்டிவிட்டு, தலையைப் படிய வாரிக்கொண்டு, டி.வி.எஸ். வண்டியைத் துடைத்து எடுத்துக்கொண்டு கிளம்பியிருக்கிறான். தம்பி பெண்டாட்டியை அழைத்துவர.

"வண்டி முன்னாடியே வந்துட்டா அந்தப் பொண்ணு தனியா நிக்கும், பாவம்" என்றான் போகும்போது.

பாவமாம். பூங்கோதை கொல்லைக் கதவைக் கொஞ்சம் பலமாகவே சாத்தினாள்.

பட்டறை ஃபோனில் சௌந்தர்யா, "சனிக்கிழம காலைல வந்து முட்டைய எடுத்துக்கிட்டு மத்தியான வண்டியிலயே திரும்பிடறேன்க்கா" என்று சொன்னதையும், பூங்கோதை வாய் நிறைய "வாம்மா, வா" என்றுவிட்டு ரிசீவரை வைத்த வேகத்தில் மேஜையிலிருந்த டம்ளர் உருண்டதையும் சென்ற வாரம் பார்த்தோம். அந்தச் சனிக்கிழமை இதோ விடிந்துவிட்டது.

கொழுந்தன் ராஜாங்கத்துக்கு மெட்ராசில் பேங்க் வேலை. அவன் மனைவி சௌந்தர்யா மாட்டு டாக்டருக்குப் படித்தவள். படித்தது போதாதென்று மேல்படிப்பு வேறு. வாத்துகளைக் கூட்டம் கூட்டமாகச் சாகடிக்கிற ஒரு வைரஸ் இருக்கிறதாம். வாத்து பிளேக் என்று பெயர். அது உயிருள்ள செல்லுக்குள்தான் வளருமாம். அதனால் வாத்து முட்டைக்குள் கரு பாதி வளர்ந்திருக்கும்போது எடுத்து, செல் செல்லாகப் பிரித்து, கண்ணாடிப் புட்டியில் வளர்த்து, அதன் மேல் இந்த வைரஸை விட்டு, எவ்வளவு நேரத்தில் எப்படிப் பெருகுகிறது என்று உட்கார்ந்து பார்க்க வேண்டும். அதற்கு ஒரு பட்டம். ஊரில் மாப்பிள்ளை பார்த்துப் பெண் கொடுத்தவர்கள் யாரும் இப்படி ஒரு வேலை உலகத்தில் இருக்கிறதென்று அறிந்திருக்கவில்லை.

வாத்து முட்டைக்குச் சேத்தியாத்தோப்பு வயல்களை விட்டால் வேறு எங்கே போவது? ஆனால் வாத்து இட்டுவிட்டுப் போகிற ஜாதி, பொறுமையாக அடைகாக்கிற வேலையெல்லாம் அதற்கு ஆகாது. கோழி வயிற்றுக்கடியில்தான் வைத்தாக வேண்டும். மெட்ராசில் இருக்கிற பொரிப்பு மெஷினில் இப்போது வேறு யாருடைய முட்டையோ. ஆகவே, "அக்கா, உங்க கோழி எதுனா அடைக்கு வந்திருக்குதா?" என்று சௌந்தர்யா கேட்டாள். பூங்கோதையின் செவலைக் கோழி அன்றைக்கென்று பார்த்து அடைக்கு உட்கார்ந்திருந்தது. துரோகி.

பூங்கோதையின் வயிற்றெரிச்சலுக்கு முட்டை காரணமில்லை, படிப்பும் காரணமில்லை. பெட்டிதான் காரணம்.

முட்டைக்குள் கரு உயிரோடு இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்க்க ஒரு பெட்டி வேண்டும் என்று சௌந்தர்யா பேச்சுவாக்கில் சொன்னாள். பழமலைநாதன் அன்று சாயங்காலமே பலகை வாங்கி வந்தான். அறுத்தான், இழைத்தான், முட்டை உட்காருகிற அளவுக்கு வட்டமாக ஒரு ஓட்டை போட்டான், அந்த ஓட்டையின் விளிம்புக்கு மெத்தென்று துணி ஒட்டினான், தன் பட்டறையிலேயே சுட்ட பீங்கான் ஹோல்டரில் பல்பை மாட்டினான். பிறகு நடுவீட்டில் உட்கார்ந்து அதை ஏற்றி ஏற்றி அணைத்து ரசித்தான். பூங்கோதையின் மிக்சி சுவிட்சு உடைந்து ஆறு மாதமாகிறது. தினமும் ஒரு தீக்குச்சியைச் செருகித்தான் சட்னி அரைக்கிறாள். "பாக்கலாம், பாக்கலாம்" என்று சொன்ன ஆள் இவன்தான்.

அவன் மேல் தப்பாக நினைக்க எதுவும் கிடையாது. இருந்தாலாவது தலைவிரித்துச் சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்ளலாம். இது அப்படியில்லை. அந்தப் பெண் வாயைத் திறந்தால் இவன் கண் பெரிதாகிறது, அவ்வளவுதான். இந்த அவ்வளவுதான் என்பதை யாரிடம் போய்ச் சொல்வது?

இன்னொன்றும் இருந்தது.

முட்டை வேண்டுமென்று முதலில் கேட்டபோதே சௌந்தர்யா ஃபோனில் இரண்டு விஷயம் சொல்லியிருந்தாள். ஒன்று, முட்டை ஊசி போடாத வாத்தினுடையதாக இருக்க வேண்டும். வாத்து மேய்க்கிற மாயவனிடம், முட்டை கொடுத்து முடிக்கிற வரையில் ஊசி போட வேண்டாம் என்று சொல்ல வேண்டும். இரண்டு, முட்டை கைக்கு வந்த அன்றே ஊசி போட்டுவிடச் சொல்ல வேண்டும். "மருந்து அங்க மாட்டாஸ்பத்திரி ஃப்ரிஜ்ஜுல என் பேர்ல எடுத்து வெக்கச் சொல்லியிருக்கேன். மறக்காம சொல்லிடுங்கக்கா, ஊசி இல்லாம விட்டா ஆபத்து."

முதல் விஷயத்தைச் சொன்னாள், நான் சொல்கிற வரை ஊசி போட வேண்டாம் என்று. மாயவன் முட்டைக்கூடையைத் தூக்கிக்கொண்டு வந்த அன்று, நடுவீட்டில் அந்தப் பெட்டி தயாராகிக்கொண்டிருந்தது. "நம்ம டாக்டரம்மாவுக்கா இதெல்லாம்? தங்கமான பொண்ணும்மா, உங்க வூட்டுக்கே வெளக்கு" என்றான் மாயவன். இரண்டாவது விஷயம் பூங்கோதையின் நாக்கு நுனி வரை வந்தது. நான் என்ன இவளுக்குத் தபால்காரியா என்று ஒரு எண்ணமும் கூடவே வந்தது. கூடையை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மறக்கவில்லை. சொல்லவில்லை.

நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தாள். நாளை என்பதற்கு ஒரு குணம் உண்டு, அது வந்ததும் இன்றாகிவிடும். அப்படியே பத்து நாள் போய்விட்டது.

வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது.

"வந்துட்டியாம்மா? எளைச்சுப் போயிட்டியே!" என்று மாமியார் பெரியம்மாள் மோர் டம்ளரோடு ஓடினாள். பூங்கோதை இந்த வீட்டுக்கு வந்த ஒன்பது வருஷத்தில் இளைத்ததாக யாரும் சொன்னதில்லை.

சௌந்தர்யா மோரை வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டு நேராகக் கொல்லைக்கு வந்தாள். ரயில் தூசு படிந்த முகத்தைக்கூடக் கழுவவில்லை. கூடைக்கு முன்னால் குந்திக்கொண்டாள்.

"செவலையா இது? எம்மாம் சமத்தா உக்காந்திருக்குது! அக்கா, உங்க கைராசிதான்."

"என் கைராசி இன்னா இருக்குது. கோழி உக்காந்துக்குது" என்றாள் பூங்கோதை.

"ரெண்டு தடவ அங்க மெஷின்ல வெச்சேன்க்கா. ஒரு தடவ கரன்ட்டு போயி எல்லாம் செத்துடுச்சு. இன்னொரு தடவ செல்லு நல்லா வளந்துது, புட்டி பூரா பூஞ்சை புடிச்சுடுச்சு. இதான் கடைசி. எங்க சாரு இந்த மாசத்தோட ரிட்டயராவறாரு. அந்த ரூமு எனக்கு இந்த வாரத்துக்குத்தான் குடுத்திருக்காங்க. இதுவும் போச்சுன்னா மூணு வருஷம் படிச்சதும் தண்ணியில போட்ட உப்புதான்."

சொல்லும்போது அவள் குரல் லேசாக நடுங்கியது. பூங்கோதைக்கு அதைக் கேட்க ஒரு நிமிஷம் சுகமாகத்தான் இருந்தது. இவளுக்கும் நடுங்குமா?

பொருட்கள் போட்டு வைக்கிற இருட்டறையில் பெட்டியை வைத்து ஸ்விட்சைப் போட்டார்கள். பழமலைநாதன் ஒவ்வொரு முட்டையாக எடுத்துக் கொடுத்தான், சௌந்தர்யா ஓட்டையின் மேல் வைத்தாள். பூங்கோதை வாசற்படியில் நின்றாள். உள்ளே மூன்றாவது ஆளுக்கு இடமிருந்தது. யாரும் கூப்பிடவில்லை, அவளும் போகவில்லை.

முட்டை செக்கச்செவேலென்று ஒளிர்ந்தது. உள்ளே சிவப்பு நூல் நூலாக நரம்பு. நடுவே கறுப்பாகப் பொட்டுப் போல ஏதோ ஒன்று துள்ளியது.

"ஆடுது! ஆடுதும்மா!" என்று கத்தினான் பழமலைநாதன்.

"உசுரோட இருக்குது மாமா. நல்ல கரு."

அவன் சிரித்தான். வாய்விட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்பு பூங்கோதைக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் மணிமுத்தாற்று மணலில் உட்கார்ந்து மாசிமகக் கடைகளைப் பார்த்தபோது அப்படிச் சிரிப்பான். அதற்குப் பிறகு எங்கே போய்த் தொலைந்தது என்று தேடிக்கொண்டிருந்தாள். இங்கே இருக்கிறது, வாத்து முட்டைக்கு மேல்.

"ஊசி போட்ட வாத்தா இருந்தா இன்னா கெட்டுப்போச்சு? அது இன்னும் நல்லதுதானே?" என்று கேட்டாள். கேள்வி அவளை மீறித்தான் வந்தது.

சௌந்தர்யா சந்தோஷமாகத் திரும்பினாள். "நல்ல கேள்விக்கா. தாய்க்குப் போட்ட ஊசியோட காவல் முட்டைக்குள்ளயும் இறங்கிடும். அப்புறம் புட்டியில வைரஸ் சரியா வளரலன்னா, அது வைரஸோட கொணமா, இந்தக் காவலோட வேலையான்னு எனக்குத் தெரியாமப் போயிடும். நல்லா வளந்தா செல்லெல்லாம் உருண்டை உருண்டையா தெரண்டு, கொத்துக் கொத்தா கண்ணாடிய விட்டுக் கழண்டுடும்க்கா. விரிச்ச பாயில எலி கடிச்சாப்ல ஓட்ட ஓட்டயா தெரியும். அத வெச்சுத்தான் அதோட வேகத்தக் கணக்குப் பண்ணணும். அதோட வேகம் தெரிஞ்சாத்தான் நல்ல ஊசி பண்ண முடியும்."

"பாரேன்!" என்றான் பழமலைநாதன். யாரைப் பார்க்கச் சொன்னானோ.

"மாயவன் அண்ணன் வாத்துங்க அப்புறம் எப்படி இருக்குதுக்கா? ஊசி போட்டுட்டாராமா?"

"போட்டிருப்பாரு" என்றாள் பூங்கோதை. சொல்லிவிட்டு, அடுப்பில் ஏதோ பொங்குவதாக நினைத்துக்கொண்டு நகர்ந்தாள். அடுப்பு அணைந்துதான் இருந்தது.

சாப்பாட்டு இலையில் அடுத்த இடி விழுந்தது.

"கூடைய நீ தனியாத் தூக்கிக்கிட்டுப் போவாதம்மா. வண்டியில இடிப்பானுங்க. நான் கூட வரேன். மெட்ராஸ்ல எறக்கி வுட்டுட்டு ராத்திரி வண்டியில திரும்பிடறேன்" என்றான் பழமலைநாதன்.

"சூள?" என்றாள் பூங்கோதை.

"அதான் ஆளு இருக்குதே."

அவள் ரசக் கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். மெட்ராசைக் காட்டு என்று இவள் கேட்ட வருஷங்களில் எல்லாம் சூளை இருந்தது. சூளைக்கு ஆள் இல்லை. இன்று முட்டைக்கு என்றதும் ஆள் முளைத்துவிட்டான். இந்த முட்டை நாசமாய்ப் போக, அந்தப் புட்டியில் ஒரு செல்லும் ஒட்டாமல் போக, பட்டமும் கிட்டமும் இல்லாமல் இவள் இந்த வாசலில் வந்து உட்கார்ந்து அழ என்று மனசுக்குள் வரிசையாக வந்தது. பூங்கோதை ஒன்றையும் தடுக்கவில்லை. அவ்வளவையும் நினைத்துவிட்டுத்தான் அவனுக்கு ரசம் ஊற்றினாள்.

சூளைத் தலையில் வைத்து வெதுவெதுப்பாக்கிய உமியைக் கூடையில் பரப்பி, முட்டைகளை அடுக்கி, மேலே இன்னும் உமி போட்டு, பழம்புடவையால் மூடிக் கட்டினார்கள். கிளம்ப வேண்டிய நேரம். வாசலில் யாரோ, "அம்மா" என்றார்கள்.

மாயவன். தோளில் துண்டு, முழங்கால் வரை காய்ந்த சேறு. கண் இரண்டும் தூங்காத கண். சேத்தியாத்தோப்பிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்தவன், வீட்டைத் தேடாமல் முதலில் மாட்டாஸ்பத்திரிக்குப் போய் அங்கே கதவு திறக்கக் காத்திருந்து, டாக்டர் லீவு என்று தெரிந்ததும் அங்கிருந்து இங்கே வருகிறான்.

"வாங்கண்ணே" என்று சௌந்தர்யா எழுந்தாள்.

"வரேன் டாக்டரம்மா. வந்துட்டேன். உங்களத்தான் பாக்க வந்தேன்." அவன் படியேறவில்லை. "என் வாத்து செத்துப் போவுதும்மா."

"என்னண்ணே சொல்றீங்க?"

"கண்ணு ஒட்டிக்குது. தண்ணியில எறங்க மாட்டேங்குது. ரெக்கய விரிச்சுப் போட்டுக்கிட்டு வரப்புல படுத்தா எந்திரிக்கறதில்ல. பச்சப் பச்சயா கழியுது. முந்தாநேத்து பத்து. நேத்து எண்ண முடியல. என் பொண்டாட்டி குழி வெட்டிக்கிட்டே இருக்குது." அவன் துண்டால் முகத்தை அழுந்தத் துடைத்தான். "பக்கத்துக் கொல்லையில என் மச்சான் வாத்து நிக்குது. ஒண்ணு சாவல. அவன் ஊசி போட்டான். என்கிட்டயும்தான் ஊசிக்காரங்க வந்தாங்க. டாக்டரம்மாவுக்கு ஊசி போடாத முட்ட வேணுமாம், அப்புறம் வாங்கன்னு நான்தான் திருப்பி அனுப்புனேன். உங்க படிப்புக்கு என் வாத்துதான் கெடச்சுதா?"

பெரியம்மாள் வெற்றிலையை மடித்தபடியே நின்றாள். பழமலைநாதன் சௌந்தர்யாவைப் பார்த்தான். அந்தப் பார்வையில் காலையிலிருந்த பெரிய கண் இல்லை. பூங்கோதை அதைக் கவனித்தாள், நன்றாகவே கவனித்தாள். அவள் கேட்ட வரம் அவ்வளவும் வாசலுக்கே வந்து நின்றது, சேற்றுக் காலோடு.

சௌந்தர்யாவின் முகம் வெளுத்துவிட்டது. மெதுவாகத் திரும்பினாள்.

"அக்கா, முட்ட கைக்கு வந்த அன்னிக்கே ஊசி போட்டுக்கச் சொல்லுங்கன்னு ஃபோன்ல சொன்னேனே. மருந்து இங்கதான் இருக்குதுன்னு. அண்ணன்கிட்ட சொன்னீங்கதானே?"

எல்லாரும் பூங்கோதையைப் பார்த்தார்கள்.

"சொன்னேன்" என்றாள் பூங்கோதை.

"எப்பம்மா சொன்னீங்க?" மாயவன் திகைத்தான். "கூடைய வாங்குனீங்க, உள்ள போயிட்டீங்க. ஒரு வார்த்த சொல்லலியேம்மா!"

"சொன்னேன்" என்றாள் மறுபடியும். முதல் பொய்க்குத்தான் பயம் இருந்தது.

"யோவ் மாயவன்" என்று பழமலைநாதன் ஒரு அடி முன்னால் வந்தான். "வாத்து போன துக்கத்துல பேசறே, சரி. ஆனா எம் பொண்டாட்டி சொன்னேன்னா சொன்னதுதான். ஒம்பது வருஷமா எங்கூட இருக்குது. ஒரு பொய் சொல்லி நான் பாத்ததில்ல. இந்த வூட்டுல யார வேணும்னாலும் சந்தேகப்படு, பூங்கோதையப் படாத."

எத்தனை வருஷமாக இதற்கு ஏங்கினாள்! நாலு பேர் முன்னால், மாமியார் முன்னால், இவள் முன்னால், எம் பொண்டாட்டி என்று அவன் நெஞ்சை நிமிர்த்திச் சொல்ல வேண்டுமென்று. சொல்லிவிட்டான். தேனாகத்தான் இறங்கியது. இறங்கின பிறகுதான் கசந்தது.

மாயவன் அவனையும் பார்த்தான், அவளையும் பார்த்தான். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான்.

"ஏழ சொல்லு அம்பலம் ஏறாதுன்னு சும்மாவா சொன்னாங்க. நான் வரேங்க."

"இருங்கண்ணே." சௌந்தர்யா படியிறங்கி அவன் முன்னால் போய் நின்றாள். அதற்கு முன் ஒரு கணம் பூங்கோதையின் முகத்தைப் பார்த்தாள். அந்த ஒரு கணம் போதுமாக இருந்தது. அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று பூங்கோதைக்கும் தெரிந்துவிட்டது.

சௌந்தர்யா கை கூப்பினாள்.

"தப்பு என்னுதுண்ணே. அன்னிக்கு லைனு சரியில்ல, கரகரன்னு இருந்துது. நான் சரியா சொல்லியிருக்க மாட்டேன். அக்கா வேற எதையோ சொல்லியிருப்பாங்க, உங்களுக்கும் காதுல விழுந்திருக்காது. கேட்டவ நானு. முட்ட வேணும்னு அவசரப்பட்டதும் நானு. அவங்கமேல கோவப்படாதீங்க. என்ன மன்னிச்சுடுங்க."

"பாத்தியா, அந்தப் படிப்புப் படிச்ச பொண்ணு எப்படித் தணிஞ்சு பேசுது" என்றாள் பெரியம்மாள், யாரிடமும் இல்லாமல்.

பழமலைநாதனின் தோள் தளர்ந்தது. அவன் கண் மறுபடியும் பெரிதாவதைப் பூங்கோதை பார்த்தாள். மாயவனே தணிந்துவிட்டான், "நீங்க இன்னா பண்ணுவீங்கம்மா" என்று முனகினான்.

பூங்கோதைக்குப் பற்றி எரிந்தது. மாமியாரின் மோரை எடுத்துக்கொண்டாள், புருஷனின் சிரிப்பை எடுத்துக்கொண்டாள், போகட்டும். இப்போது நான் செய்த தப்பையும் எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டு அதிலும் பெரிய மனுஷியாகிவிட்டாளே! இனி ஆயுசுக்கும் இவள் மன்னித்தவள், நான் மன்னிக்கப்பட்டவள். தினம் தினம் அதைச் சுமந்துகொண்டு இந்த வீட்டில் நடக்க வேண்டுமா?

"லைனெல்லாம் நல்லாத்தான் இருந்துது" என்றாள்.

"அக்கா, விடுங்க..."

"நீ சும்மா இரு. எல்லாம் காதுல விழுந்துது. ஒரு எழுத்து விடாம விழுந்துது. நான்தான் சொல்லல." அவள் குரல் உயர்ந்துகொண்டே போனது. "மறக்கல. வேணும்னுதான் சொல்லல. உன் மேல இருந்த வயித்தெரிச்சல்ல சொல்லல. இது நான் பண்ணது. இதையும் நீ எடுத்துக்காத!"

பெரியம்மாளின் கையிலிருந்து வெற்றிலை நழுவியது. பழமலைநாதன் அவளைப் பார்க்கவில்லை. சற்று முன் நெஞ்சை நிமிர்த்தியவன், குனிந்து, முட்டைக்கூடையின் கட்டு சரியாக இருக்கிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். திட்டியிருந்தால் தேவலாம் என்று பூங்கோதைக்குத் தோன்றியது.

முதலில் அசைந்தவள் சௌந்தர்யா. ஆறுதல் சொல்லவில்லை, கட்டிக்கொள்ளவும் இல்லை. அவள் முகத்திலும் கோபம் இருந்தது, உதடு இறுகியிருந்தது. நேராகப் பட்டறை ஃபோனுக்குப் போய் இரண்டு இடத்துக்குப் பேசிவிட்டு வந்தாள்.

"நோவு வந்த கூட்டத்துலகூட இன்னும் புடிக்காத வாத்துக்கு உடனே ஊசி போட்டா மிச்சத்தக் காப்பாத்த வழியிருக்குது. சேத்தியாத்தோப்புல ஊசி போட ஆளு தயாரா இருப்பாரு. மருந்து இங்க இருந்துதான் போவணும், ஐஸ் கொறையாம, இப்பவே." ஒரு நொடி கூடையைப் பார்த்தாள். "நானே போறேன். முட்ட... பாக்கலாம்."

பாக்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று அங்கே எல்லாருக்கும் தெரியும். உமி ஆறிக்கொண்டிருந்தது.

"நீ ரயிலுக்குப் போ" என்றாள் பூங்கோதை. "மருந்த நான் எடுத்துக்கிட்டுப் போறேன்."

"உங்களுக்கு..."

"கோழி புடிச்ச கைதான் இது. வாத்தும் புடிக்கும்."

சௌந்தர்யா தலையசைத்தாள். பிறகு, படுத்துவிட்டதைத் தொட வேண்டாம், நல்லதையெல்லாம் முதலில் தனியே ஓட்டிவிட வேண்டும், ஒரு கூட்டத்தில் வைத்த கையைக் கழுவாமல் இன்னொன்றில் வைக்கக் கூடாது என்று டாக்டர் குரலில் வரிசையாகச் சொன்னாள். பூங்கோதை கேட்டுக்கொண்டாள். இந்தத் தடவை எதையும் பாதியில் விடப் போவதில்லை.

பழமலைநாதன் வண்டியைக் கிளப்பினான். கூடையை மடியில் வைத்துக்கொண்டு சௌந்தர்யா பின்னால் ஏறிக்கொண்டாள். "நான் வரேங்க" என்றாள் பூங்கோதை. அவன் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. ஸ்டேஷனோடு திரும்புவானா, மெட்ராஸ் வரைக்கும் போவானா என்று கேட்க வாய் வந்தது. கேட்கிற உரிமையைச் சற்று முன்தான் தன் வாயாலேயே தொலைத்திருந்தாள். வண்டி தெருமுனை திரும்புகிற வரை அந்த இரண்டு முதுகையும் பார்த்தாள். இவ்வளவுக்குப் பிறகும் எரியத்தான் செய்தது.

மாட்டாஸ்பத்திரியில் மருந்தை வாங்கி, ஐஸ் நிரப்பிய ஃபிளாஸ்கில் போட்டுக்கொண்டு, பஸ் ஸ்டாண்டுக்கு வேகமாக நடந்தாள். மாயவன் பத்தடி முன்னால் நடந்தான். ஒரு தடவை கூடத் திரும்பவில்லை.

சேத்தியாத்தோப்பு பஸ்ஸில் அவன் ஜன்னலோரம் உட்கார்ந்தான். அவள் பக்கத்து வரிசையில், ஃபிளாஸ்கை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். கண்டக்டர் வந்தார்.

"சேத்தியாத்தோப்பு ரெண்டு" என்றாள்.

"எனக்கு நான் எடுத்துக்கறேன்" என்றான் மாயவன்.

பஸ் ஊரைத் தாண்டி வயல்வெளிக்கு வந்துவிட்டது. அறுப்பு முடிந்த தாளடிகளில் தண்ணீர் நின்றது. எங்கோ தூரத்தில் யாரோடவோ வாத்துக்கூட்டம் வெள்ளையாக நகர்ந்தது.

"எத்தினி மிஞ்சியிருக்கும்ணே?" என்று கேட்டாள்.

"போய்ப் பாத்தாத்தான் தெரியும்."

அதற்குப் பிறகு அவன் வெளியிலேயே பார்த்துக்கொண்டிருந்தான். பேசினபோது குரலில் கோபமே இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோலத்தான் கேட்டான்.

"உங்களுக்குள்ள ஆயிரம் இருக்கும்மா. எந்த வூட்டுல இல்ல? ஆனா ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. என் வாத்து உங்கள என்னாம்மா பண்ணிச்சு?"

பூங்கோதை மடியிலிருந்த ஃபிளாஸ்கின் மூடியை இன்னும் ஒரு சுற்று இறுக்கினாள்.